ஒற்றை வரிசைக் குட்டி பிஸ்டல்: பல வருடம் சுட்டுப் பழகியதில் தெரிந்தவை

"சின்னதா, தட்டையா, எடை கம்மியா ஒரு பிஸ்டல் வாங்கலாம்னு இருக்கேன், எது நல்லது?" என்று அடிக்கடி கேட்கிறார்கள். கேட்பவர் இதுவரை சுட்டே பழகாதவர் என்றால் என் பதில் ஒன்றுதான்: முதலில் பெரிய பிஸ்டலில் கை பழகட்டும், அப்புறம் இதற்கு வாருங்கள். ஒற்றை வரிசை மேகசின் (பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டி) கொண்ட கச்சிதமான பிஸ்டல்கள் எனக்கு மிகவும் பிடித்தவை. இரண்டு வைத்திருக்கிறேன், வருடக்கணக்கில் விடாமல் சுடுகிறேன். கையில் எடுத்ததும் பிடித்துப்போகிற துப்பாக்கி இது. ஆனால் நன்றாகச் சுட வேண்டுமென்றால் நிறைய உழைப்பு கேட்கும். வாங்கும்போது இதை யாரும் சொல்வதில்லை என்பதால்தான் எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பதில் ஒன்று ஸ்மித் அண்ட் வெஸன் எம் அண்ட் பி ஷீல்டு, 9 மி.மீ. 2012இல் வந்த பழைய ஷீல்டு. பேரல் 3.1 அங்குலம், எடை ஏறத்தாழ 540 கிராம், அகலம் ஒரு அங்குலத்துக்கும் குறைவு. பிடியோடு சமமாக நிற்கும் மேகசினில் 7 தோட்டா, சற்று நீண்டதில் 8. இன்னொன்று .380 ஏசிபி என்ற தோட்டாவைச் சுடுவது, முழுக்க எஃகு, வால்தர் பிபிகே என்ற பழைய ஜெர்மன் பிஸ்டல் வழியில் வந்த வடிவம். பிபிகே 1931இல் வந்தது. இத்தனை காலம் கழித்தும் அந்த உருவத்தை யாராலும் விட முடியவில்லை.

ஒற்றை வரிசை என்றால் மேகசினுக்குள் தோட்டாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நேராக நிற்கும். இரட்டை வரிசையில் இடம் வலமாக மாறி மாறி உட்காரும். அதனால் கொள்ளளவு கூடும், பிடியும் பருக்கும். 1935இன் பிரௌனிங் ஹை பவர் 13 தோட்டா கொண்டது இப்படித்தான். பிறகு எல்லாரும் அந்தப் பக்கம் போனார்கள். மெல்லிய 9 மி.மீ. பிஸ்டல்களுக்கு மறுபடி மவுசு வந்ததில் அமெரிக்கச் சட்டத்துக்கு ஒரு பங்கு உண்டு. 1994 முதல் 2004 வரை அங்கே பொதுமக்களுக்கான புது மேகசின்களில் 10 தோட்டாவுக்கு மேல் கூடாது என்று இருந்தது. பத்துதான் வரம்பு என்றால் எதற்குப் பெரிய பிடி என்ற யோசனை பிறந்தது. கார் (Kahr) நிறுவனத்தின் கே9 பிஸ்டல் போன்றவை அந்தக் காலத்துப் பிள்ளைகள்.

சரி, சுடுவதற்கு வருவோம்.

குட்டி பிஸ்டலில் குறி தவறுவதற்குக் காரணம் குட்டைப் பேரல் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பேரலின் மேல் பழி போடுவது நியாயமில்லை. பிஸ்டலை எங்காவது அசையாமல் முட்டுக்கொடுத்துச் சுட்டால் என் ஷீல்டின் துளைகள் நெருக்கமாகத்தான் விழுகின்றன. குறி பார்க்க உதவும் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையிலுள்ள தூரம் குறைவு என்பதும் பாதிக் காரணம்தான். அந்தத் தூரம் 13.5 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். முன் சைட் ஒரு மில்லிமீட்டர் விலகினால் 10 மீட்டரில் குண்டு 7 செ.மீ.க்குச் சற்று மேல் தள்ளி விழும். 16 செ.மீ. இடைவெளியுள்ள முழு அளவு பிஸ்டலில் அதே பிழைக்கு 6 செ.மீ.க்குச் சற்று மேல். இதில் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை.

உண்மையான காரணம் டிரிகர். ஷீல்டின் டிரிகரை இழுக்கச் சுமார் 3 கிலோ விசை வேண்டும். துப்பாக்கியோ அரைக் கிலோ சொச்சம். தன் எடையைப் போல ஐந்து மடங்குக்கு மேல் ஒரு விசையை, ஒற்றை விரலால், துப்பாக்கி அசையாமல் தர வேண்டும். ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள எஃகு பிஸ்டல் விரலின் தடுமாற்றத்தைத் தன் எடையிலேயே விழுங்கிவிடும். இது விழுங்காது. கூடவே பிடியின் மெல்லிய அளவும் சேர்ந்துகொள்கிறது. பிடி ஒல்லியாக இருப்பதால் விரல் டிரிகரில் தேவைக்கு மேல் உள்ளே போய்விடும். முதல் கணு டிரிகரில் பட்டதும் குண்டுகள் பக்கவாட்டில் ஒதுங்க ஆரம்பிக்கும். விரல்நுனியின் சதைப்பகுதி மட்டும் டிரிகரில் படும்படி கையைச் சற்றுத் திருப்பிப் பிடித்துப் பாருங்கள். சைட்டைத் தட்டி நகர்த்துவதற்கு முன் இதைச் செய்வது நல்லது.

இதற்கு நான் நம்புவது வெறும் டிரிகர் பயிற்சியைத்தான். மேகசினைக் கழற்றி, சேம்பரை (பேரலின் பின்முனையில் தோட்டா உட்காரும் குழி) கண்ணாலும் விரலாலும் பார்த்து, தோட்டாக்களை அந்த அறையிலேயே வைக்காமல், பாதுகாப்பான சுவரைப் பார்த்து மெதுவாக இழுப்பது. முன் சைட் துளிகூடத் துள்ளக் கூடாது. இன்னொன்று, ரேஞ்சில், அதாவது சுடும் பயிற்சித் திடலில், போலித் தோட்டா கலப்பது. சுடுபவருக்குத் தெரியாமல் வேறொருவர் மேகசினை நிரப்பித் தர வேண்டும். நடுவில் எங்கோ ஒரு போலி. வெடிக்காமல் 'க்ளிக்' என்று மட்டும் கேட்கிற அந்த நொடியில் பேரல் முனை கீழே குனிந்தால், வெடிக்கப் போகிறது என்று உடம்பு முன்கூட்டியே தள்ளுகிறது என்று அர்த்தம். அதற்கப்புறம் அவரிடம் நாம் எதுவும் விளக்க வேண்டியதில்லை, அவரே பார்த்துவிடுவார்.

உதைப்பைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். .380 சின்னத் தோட்டா, அதனால் மென்மையாக இருக்கும் என்ற எண்ணம் பரவலாக உண்டு. என்னிடம் இருக்கும் இரண்டில் கையை நோகடிப்பது .380தான். அது புளோபேக் முறையில் இயங்குவது. சுடும் நேரத்தில் அங்கே பூட்டு எதுவும் இல்லை, ஸ்லைடின் (பேரலின் மேல் முன்னும் பின்னும் ஓடும் மேல்பகுதி) எடையும் ஸ்பிரிங்கின் இறுக்கமும்தான் கதவை மூடி வைத்திருக்கின்றன. வெடித்த மாத்திரத்தில் ஸ்லைடு நேராகப் பின்னால் வந்து மோதும். ஷீல்டு பிரௌனிங் வழி வந்த பூட்டு முறை. பேரலும் ஸ்லைடும் சில மில்லிமீட்டர் சேர்ந்தே பின்னால் வரும், பிறகு பேரலின் பின்பகுதி கீழே சாய்ந்து பூட்டு விடும். அந்தச் சிறு தாமதத்தில் விசை கொஞ்சம் பரவிவிடுகிறது. வலிமை கூடிய 9 மி.மீ. கையில் ஒரு தள்ளலாக வருகிறது, .380 சுரீரென்று அறைகிறது. ஒரு பெட்டி முடிவதற்குள் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள கவட்டை சிவந்துவிடும். பழைய பிபிகே வடிவத்தில் பிடியின் மேலே பின்னால் நீளும் வால் குட்டை என்பதால் கை சதைப்பற்றாக இருந்தால் ஸ்லைடு அங்கே கீறிவிடுவதும் உண்டு. பிற்காலத்தில் வந்த சிலவற்றில் அந்த வாலை நீட்டியது இதற்காகத்தான்.

புளோபேக்கின் இன்னொரு விளைவு, ஸ்லைடை இழுப்பது கடினம். மெலிந்த கைக்காரர்களுக்குச் "சின்னதாக ஒரு .380 வாங்கு" என்று ஆலோசனை சொல்பவர்கள் இதை யோசிப்பதே இல்லை. தெரிந்த பெண் ஒருவர் அப்படி வாங்கிக்கொண்டு ரேஞ்சுக்கு வந்திருந்தார். "அண்ணா, இதை இழுக்கவே முடியல, எனக்கு இது சரிப்படாது போல" என்றார். "உங்க கையில குறை இல்லம்மா, இந்தத் துப்பாக்கியோட முறையே அப்படி" என்று சொல்லி, பக்கத்தில் இருந்த முழு அளவு 9 மி.மீ. ஒன்றைக் கொடுத்தேன். ஸ்லைடை இழுப்பதற்குப் பதிலாக, முனை இலக்கை விட்டு விலகாமல், இடக்கையால் ஸ்லைடை இறுகப் பற்றிக்கொண்டு வலக்கையால் பிடியை முன்னே தள்ளச் சொன்னேன். சட்டென்று திறந்தது. அன்று அவர் சுட்ட அட்டையில் துளைகள் ஒரே இடத்தில் கூடியிருந்தன. சிறிய கைக்குச் சிறிய துப்பாக்கி என்ற கணக்கு தப்பு. இந்த ஆலோசனையால் பயந்து விலகிப் போனவர்கள் எத்தனையோ பேர், அதை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

பிடியில் சுண்டுவிரலுக்கு இடமிருக்காது. சமமான மேகசின் போட்டால் அது அந்தரத்தில் தொங்கும். நீட்டிய அடிப்பகுதியுள்ள மேகசின் போட்டால் விரல் நிற்கும், ஆனால் சிலவற்றில் அந்த இடுக்கில் உள்ளங்கைச் சதை மாட்டி, ஒவ்வொரு முறை சுடும்போதும் நறுக்கென்று கிள்ளும். ரேஞ்சில் நீண்டதைத்தான் போடுகிறேன். நீங்களும் அப்படியே பழகினால் இடையிடையே சமமான மேகசினிலும் சுட்டுப் பாருங்கள், பிடி வேறாகத்தான் இருக்கும். பிடி இளகினால் குட்டி பிஸ்டலில் உடனே ஜாம் ஆகும். ஸ்லைடு பின்னால் ஓடி வர, துப்பாக்கியின் உடல் அசையாமல் நிற்க வேண்டும். கை தளர்ந்து துப்பாக்கி முழுதும் ஸ்லைடோடு சேர்ந்து பின்னால் வந்தால் காலிக்கூடு முழுசாக வெளியேறாமல் வாசலில் சிக்கிக்கொள்ளும். கட்டைவிரல்களை உயர்த்திப் பிடிப்பவர்களுக்கு வேறொரு சிக்கல்: விரல் ஸ்லைடு நிறுத்தியின் மேல் படுத்துக்கொள்வதால் கடைசித் தோட்டாவுக்குப் பிறகு ஸ்லைடு திறந்து நிற்காது. துப்பாக்கி பழுது என்று கழற்ற வேண்டாம், விரலை நகர்த்தினால் போதும்.

நம்பகத்தன்மை என்று பார்த்தால் ஒற்றை வரிசைக்கு இயல்பாகவே ஒரு சாதகம் உண்டு. தோட்டா நேராக மேலே வருகிறது. இரட்டை வரிசையில் போல மேலே வந்து ஒன்றாகக் குவிய வேண்டியதில்லை. ஆனால் ஸ்லைடு குட்டை, ஓடும் தூரமும் குறைவு. அது போய்த் திரும்புவதற்குள் மேகசின் ஸ்பிரிங் அடுத்த தோட்டாவைத் தூக்கி நிறுத்தியாக வேண்டும். அதனால் மேகசின் தரத்தில் சமரசம் கூடாது. வேறு தயாரிப்பாளர் ஒருவரின் மலிவான மேகசின் ஒன்று எனக்குப் பல நாள் தலைவலி கொடுத்தது. கடைசித் தோட்டா மூக்கைத் தாழ்த்திக்கொண்டு உள்ளே போக மறுக்கும். தூக்கிப் போட்டேன், பிஸ்டலோடு வந்த மேகசின்களில் அந்தத் தொல்லை வந்ததே இல்லை. மேகசின்களின் அடியில் எண் எழுதி வையுங்கள். ஜாம் ஆனால் எது என்று தெரியும்.

.32 ஏசிபி தோட்டாவைச் சுடும் பிஸ்டல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. அந்தத் தோட்டாவின் அடி விளிம்பு உடலைவிடக் கொஞ்சம் வெளியே நீட்டியிருக்கும். மேலே உள்ளதன் விளிம்பு கீழே உள்ளதன் விளிம்புக்குப் பின்னால் நழுவினால் இரண்டும் பூட்டிக்கொள்ளும், ஸ்லைடு எவ்வளவு முட்டினாலும் நகராது. நீளம் குறைந்த ஹாலோ பாயிண்ட் (முனையில் குழியுள்ள) தோட்டாக்களில் இதற்கு வாய்ப்பு அதிகம். நிரப்பும்போது ஒவ்வொன்றின் விளிம்பும் கீழே உள்ளதற்கு முன்னால் நிற்கிறதா என்று பார்த்துத் தள்ளுங்கள்.

பராமரிப்பில் மறக்கக்கூடாதது ரீகாயில் ஸ்பிரிங், அதாவது பின்னால் போன ஸ்லைடைத் திரும்ப முன்னே தள்ளும் ஸ்பிரிங். அளவு சுருங்கச் சுருங்க ஸ்பிரிங்கின் பாடு கூடும், ஆகவே முழு அளவு பிஸ்டலைவிடச் சீக்கிரம் மாற்ற வேண்டிவரும். கையேட்டில் சொன்ன எண்ணிக்கையை ஒட்டியே மாற்றிவிடுகிறேன். காலிக்கூடுகள் முன்பைவிடத் தூரமாகப் போய் விழுவது ஸ்பிரிங் தளர்வதன் அடையாளம். உடம்போடு வைத்துக்கொள்பவர்கள் என்றால் பஞ்சும் வியர்வையும்தான் எதிரி. காலிக்கூட்டை இழுத்தெடுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கிக்கு அடியிலும் மேகசின் வாயிலும் துணித்தூசு சேரும். எண்ணெயைத் தண்ணீர் போல ஊற்ற வேண்டாம், ஸ்லைடு ஓடும் தண்டவாளங்களில் ஒவ்வொரு சொட்டு போதும். சுட்டு முடித்ததும் குளிர்ந்த நீரில் சோப்பு போட்டுக் கை கழுவாமல் சாப்பிடாதீர்கள், ஈயத்தூள் கையில் ஒட்டியிருக்கும்.

குட்டி பிஸ்டலில் பேரல் முனைக்கும் நம் விரல்களுக்கும் இடையே மிகக் குறைந்த தூரம். ஜாம் எடுக்கும்போது இடக்கை முனைக்கு முன்னால் வந்துவிடுவது எளிது. உறையில் திரும்பச் செருகும்போது அவசரமே வேண்டாம்: விரல் டிரிகரை விட்டு முழுதாக வெளியே இருக்க வேண்டும், சட்டை நுனி உள்ளே மாட்டவில்லை என்று கண்ணால் பார்க்க வேண்டும். டிரிகரை முழுதும் மூடாத துணி உறைகளை நான் தொடுவதில்லை. வீட்டில் பூட்டிய பெட்டி, தோட்டாக்கள் தனியே இன்னொரு பூட்டில். குழந்தைகள் இருக்கிற வீடோ இல்லாத வீடோ, இதில் விதிவிலக்கு கிடையாது.

இனி புதிதாக வாங்குபவர் ஒற்றை வரிசைதான் எடுக்க வேண்டுமா? 2018இல் சிக் சாவர் பி365 வந்தபோது நிலைமை மாறிவிட்டது. ஏறக்குறைய ஒரு அங்குல அகலத்தில் 10 தோட்டா. முழு இரட்டை வரிசையும் இல்லை, ஒற்றையும் இல்லை. அடுத்த வருடமே ஸ்பிரிங்ஃபீல்டு ஹெல்கேட் 11உடன் வந்தது. 2015இன் க்ளாக் 43 கொண்டது வெறும் 6 என்பதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கொள்ளளவு முக்கியம் என்றால் தயங்காமல் இந்தப் புது வகையை எடுங்கள். அவையும் இலேசானவைதான், ஆகவே மேலே டிரிகரைப் பற்றிச் சொன்னது அத்தனையும் அவற்றுக்கும் பொருந்தும்.

நான் ஷீல்டை மாற்றப் போவதில்லை. என் விரல் அதன் டிரிகர் எந்த இடத்தில் விடும் என்று அறிந்துவிட்டது, அந்தப் பழக்கத்தை மூன்று தோட்டாவுக்காக விட்டுக்கொடுக்க மனமில்லை. .380ஐயும் வைத்திருப்பேன், ஆனால் ஒரு நாளைக்கு ஓரிரு மேகசின்களோடு நிறுத்திக்கொள்வேன். பழைய ஒற்றை வரிசை பிஸ்டல் ஒன்று கைமாறி வருகிறது என்றால் முதலில் மேகசின் எத்தனை கூட வருகிறது என்று கேளுங்கள். சில பழைய மாடல்களுக்கு அசல் மேகசின் தேடிக் கிடைப்பதே பெரும்பாடு. பிறகு எக்ஸ்ட்ராக்டரின் முனை மழுங்கியிருக்கிறதா, பேரல் உள்ளே எங்காவது வளையம் போலப் புடைத்திருக்கிறதா என்று வெளிச்சம் விட்டுப் பாருங்கள். புடைப்பு இருந்தால் விலை எவ்வளவு குறைவானாலும் வேண்டாம். ரீகாயில் ஸ்பிரிங்கை மட்டும் எதையும் பார்க்காமல் புதிதாக மாற்றிவிட்டு, பிறகு முதல் தோட்டாவைச் சுடுங்கள்.