அவுட்போர்டு என்ஜினுக்கான 10 மைக்ரான் ஃபில்டர்: தண்ணீரைப் பிடிக்கும், எத்தனாலைப் பிடிக்காது

இப்போது பெட்ரோல் பங்க்குகளில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்தான் பொதுவாகக் கிடைக்கிறது. படகின் பின்புறம் வெளியே மாட்டும் அவுட்போர்டு என்ஜின்களில் பெரும்பாலானவற்றின் கையேடுகளோ 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்கின்றன. இந்த நிலையில்தான் எங்கள் ஃபைபர் படகின் டூ-ஸ்ட்ரோக் என்ஜினுக்கு, தண்ணீரைப் பிரிக்கும் 10 மைக்ரான் (மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு) ஃபில்டர் ஒன்றை வாங்கி, டேங்குக்கும் ரப்பர் கைப்பம்புக்கும் நடுவே மாட்டினோம்.

இதன் சிறப்பு அடியிலுள்ள ஒளி ஊடுருவும் கிண்ணம். காலையில் என்ஜினை இயக்கும் முன் குனிந்து பார்த்தால், பெட்ரோலுக்குக் கீழே தேங்கிய தண்ணீர் தெளிவான கோடாகப் பிரிந்து நிற்பது தெரியும். அடித்திருகைத் தளர்த்தினால் அது ஒழுகிவிடும். பழைய டேங்கில் படிந்திருந்த பிசினை எத்தனால் கரைத்துக் கிளப்பியதால் முதல் ஃபில்டர் விரைவிலேயே அடைத்துக்கொண்டது. அதைக் குறையாக நான் கருதவில்லை. அந்த அழுக்கு கார்புரேட்டரில் பெட்ரோல் பாயும் ஜெட் என்னும் நுண்துளைக்குள் போயிருந்தால் நடுக்கடலில் என்ஜின் நின்றிருக்கும். என்ஜின் உள்ளறையில் இருக்கும் படகுகளுக்குப் பிளாஸ்டிக் கிண்ணம் ஆகாது, தீப்பிடித்தால் உருகிவிடும்.

ஆனால், இதை மாட்டிவிட்டால் எத்தனாலைப் பற்றிய கவலை தீர்ந்தது என்று விற்பவர்கள் சொல்வதை ஏற்க முடியாது. எத்தனால் தண்ணீரைத் தனக்குள் கரைத்து வைத்துக்கொள்ளும். அப்படிக் கரைந்த தண்ணீர் எந்த ஃபில்டரிலும் பிரியாது. 10 சதவீதக் கலவையில், லிட்டருக்கு ஏறக்குறைய 5 மில்லி, அதாவது ஒரு தேக்கரண்டி தண்ணீர் சேர்ந்தாலே கலவை தாங்காமல் உடைந்து, எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து டேங்கின் அடியில் தனி அடுக்காக இறங்கிவிடும். எத்தனால் கூடினால் தாங்கும் அளவும் கூடும் என்றாலும், காற்றுத்துளை வழியே ஈரக்காற்று போய்வரும் டேங்கில் பெட்ரோலை வாரக்கணக்கில் வைத்திருப்பது ஆபத்தே. எரிபொருளை உறிஞ்சும் குழாயின் வாய் டேங்கின் அடியில்தான் இருக்கிறது; உராய்வைக் குறைக்க நாம் பெட்ரோலில் கலக்கும் டூ-ஸ்ட்ரோக் ஆயிலோ மேலே நிற்கும் பெட்ரோலோடு தங்கிவிடுகிறது. ஆயில் இல்லாத அந்த அடிக்கலவையை என்ஜின் இழுத்தால் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். மேலே மிஞ்சும் பெட்ரோலும் ஆக்டேன் (என்ஜினில் தட்டாமல் எரியும் திறன்) குறைந்து போனதுதான் என்பதால், ஒருமுறை பிரிந்த எரிபொருளைக் குலுக்கியோ புதுப் பெட்ரோல் ஊற்றியோ சரிசெய்ய முயலாமல் முழுவதையும் வெளியேற்ற வேண்டும்.

எத்தனாலில் உப்பிப்போகும் பழைய ரப்பர் குழாய்களையும் இந்த ஃபில்டர் காப்பாற்றாது. அவற்றைத் தனியாக மாற்றியாக வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும், பெட்ரோல் அவுட்போர்டு என்ஜினோடு கடலுக்குப் போகும் எவருக்கும் இதை வாங்கச் சொல்வேன். டேங்கில் தண்ணீர் சேர்கிறது என்பதை என்ஜின் திணறுவதற்கு முன்பே இது கண்ணுக்குக் காட்டிவிடும். எங்களுக்கு விற்ற கடையில் மாற்று ஃபில்டர் இருப்பில் இல்லாமல் அலைய நேர்ந்தது. ஆகவே வாங்கும்போதே கூடுதலாக இரண்டைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.