நாய்ஸ்பிரிட்ஜ்ல பத்து வருஷத்துக்கு மேல குப்பை கொட்டின அனுபவம்

கிரைண்டர்ல இருந்துதான் ஆரம்பிக்கணும். 2013, சான் பிரான்சிஸ்கோ, ஞாயித்துக்கிழமை காலைல மாவாட்டலாம்னு சுவிட்சைப் போட்டா உர்ர்ருனு சத்தம் மட்டும் வருது, கல்லு அசையவே இல்ல. அரிசி உளுந்து ரெண்டும் ஊறி ரெடியா இருக்கு, வீட்டம்மா மூஞ்சியப் பாக்க முடியல. கோயமுத்தூரா இருந்தா தெருமுனைல குடுத்தா சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணி குடுத்துருவாங்க (கோவை வெட் கிரைண்டருக்கு புவிசார் குறியீடே இருக்குதுங்க, சும்மா இல்ல), இந்த ஊர்ல யார்கிட்ட கேட்டாலும் தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கிக்கோங்கறாங்க. அப்பதான் ஆபீஸ்ல ஒரு பையன் மிஷன் தெருல ஒரு இடம் இருக்கு, யாரு வேணா போலாம், டூல்ஸ் எல்லாம் இருக்கும், காசு கேக்க மாட்டாங்கன்னான். காசு கேக்கலன்னாலே நமக்கு ஒரு சந்தேகம் வரும்ல, இருந்தாலும் கிரைண்டரை டிராலி பேக்ல போட்டு இழுத்துட்டு போயிட்டேன்.

அதுதான் நாய்ஸ்பிரிட்ஜ். ஹேக்கர்ஸ்பேஸ்னு சொல்லுவாங்க, அதாவது யாரு வேணா வந்து டூல்ஸை எடுத்து எதையாச்சும் செய்யற பொதுப் பட்டறை. அப்ப இருந்தது 2169 மிஷன் தெரு, மூணாவது மாடி. 5,000 சதுர அடிக்கு மேல இருக்கும், ஒரே ஹால் மாதிரி, ஒரு பக்கம் தையல் மெஷின், ஒரு பக்கம் சால்டரிங் (ஈயத்தை உருக்கி ஒயர், பார்ட்ஸ் ஒட்டறது) டேபிள், மரவேலை, புத்தக அலமாரி, நடுவுல யாரோ எதையோ பிரிச்சுப் போட்டு வச்சிருக்காங்க. "இங்க யாருங்க இன்சார்ஜ்"னு கேட்டேன். "யாரும் இல்ல, நீயும்தான்"னு பதில் வந்துச்சு. வெளயாட்டுக்கு சொல்றாங்கன்னு நெனச்சேன், பல மாசம் கழிச்சுதான் அது அப்படியே உண்மைன்னு புரிஞ்சுது.

தையல் மெஷின் பக்கத்துல இருந்து ஒரு அம்மா, அறுபது வயசு இருக்கும், எந்திரிச்சு வந்து சுவிட்சைப் போட்டு கல்லை கையால ஒரு தள்ளு தள்ளச் சொன்னாங்க. தள்ளுனேன், சுத்த ஆரம்பிச்சுது. "கெப்பாசிட்டர் போச்சு, மோட்டாருக்கு ஒண்ணும் ஆகல" அவ்ளோதான் (மோட்டாரை மொதல்ல சுத்த வைக்கற சின்ன பார்ட் அது), திரும்ப தைக்கப் போயிட்டாங்க. நானும் பெரிய இஞ்சினியர் மாதிரி பார்ட்ஸ் டப்பாவுல தேடி அதே மைக்ரோஃபாரட்ல (கெப்பாசிட்டரோட அளவு) ஒண்ணை எடுத்து மாட்டி சுவிட்சைப் போட்டேன் பாருங்க, டப்புனு வெடிச்சு காகிதத் துணுக்கா பறக்குது, நாத்தம் ஹால் பூரா. ஏசில ஓடற மோட்டாருக்கு பிளஸ் மைனஸ் பாக்கற எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரைப் போட்டா வெடிக்காம என்ன பண்ணும், தப்பு முழுக்க என்னோடதுதான். யாரும் திட்டல. அந்த அம்மா வெளக்குமாத்தைக் கொண்டாந்து கைல குடுத்துட்டு, மோட்டார் ரன் கெப்பாசிட்டர்னு கேட்டு வாங்கு, வோல்டேஜ் கம்மியா எடுத்துராதன்னு சொல்லிட்டுப் போனாங்க. அந்த வெளக்குமாறை இன்னும் கீழ வைக்கலன்னுதான் சொல்லணும்.

சரி, இந்த இடம் எப்படி வந்துச்சுன்னு கேட்டுக் கேட்டு தெரிஞ்சுகிட்டதைச் சொல்றேன். 2007ல ஜெர்மனில கேயாஸ் கம்யூனிகேஷன் கேம்ப் நடந்துச்சு, ஹேக்கருங்க (திருடறவங்க இல்ல, எதையும் பிரிச்சு மேஞ்சு பாக்கறவங்க) கூடாரம் போட்டு தங்கற திருவிழா மாதிரி. அங்க போன மிட்ச் ஆல்ட்மேனும் (ஹோட்டல், பார்ல இருக்கற டிவி எல்லாத்தையும் ஒரே பட்டன்ல அணைக்கற டிவி-பி-கான் ரிமோட்டை கண்டுபிடிச்சவர்) சில நண்பர்களும் பெர்லின் சி-பேஸ், வியன்னா மெட்டாலேப் மாதிரி ஹேக்கர்ஸ்பேஸ் எல்லாம் எப்படி ஓடுதுன்னு பாத்துட்டு, நம்மூர்லயும் ஒண்ணு வேணும்னு கெளம்பினாங்க. அதே வருஷம் டிசம்பர்ல ஜெர்மன்காரங்க ரெண்டு பேரு ஹேக்கர்ஸ்பேஸ் நடத்தற சூட்சுமத்தை எல்லாம் தொகுத்து ஒரு டாக் குடுத்தாங்க, அதுல எனக்கு ரொம்ப புடிச்சது செவ்வாய்க்கிழமை விஷயம். வாரக் கூட்டத்துக்கு எல்லாருக்கும் ஒத்து வர்ற நாள் எதுன்னு பேச ஆரம்பிச்சா பேசிட்டேதான் இருப்பீங்க, அதனால செவ்வாய்க்கிழமைன்னு வச்சுக்கோ, பேச்சை முடி. நாய்ஸ்பிரிட்ஜ் மீட்டிங்கும் செவ்வாய் ராத்திரிதான், நம்மூர்ல செவ்வாய்க்கிழமை எதுவும் ஆரம்பிக்க மாட்டோம்னா இங்க எல்லாமே அன்னிக்குதான். 2008ல வீஸ் தெருன்னு ஒரு சந்துல சின்ன இடம் எடுத்தாங்க, கூட்டம் தாங்காம அடுத்த வருஷமே மிஷன் தெருவுக்கு வந்துட்டாங்க.

ரூல்னு பாத்தா ஒண்ணே ஒண்ணுதான், ஒருத்தருக்கொருத்தர் அருமையா நடந்துக்கணும். மத்தபடி ஏதாச்சும் செய்யணும்னு தோணுனா செய், அனுமதி கேட்டு நிக்காத. பெரிய விஷயம்னா மட்டும் மீட்டிங்ல வச்சு அடுத்த வாரம் முடிவு, ஓட்டெடுப்பு கெடையாது, மெம்பர் ஒருத்தர் முடியாதுன்னாலும் நின்னு போயிடும். அப்பார்ட்மென்ட் அசோசியேஷன் மீட்டிங் போயிருக்கீங்களா, அதுல தலைவரும் இல்ல, எல்லாருக்கும் வீட்டோ இருக்குன்னு நெனச்சுப் பாருங்க. பொறுமை இல்லாதவங்களுக்கு இது ஆகாது, நேரா சொல்லிடறேன். மெம்பர் ஃபீஸ் நான் சேந்தப்ப மாசம் 80 டாலர், கையில காசில்லன்னா 40. ஆனா மெம்பர் ஆகாமலே வந்து வேலை பாத்துட்டு போறவங்கதான் ஜாஸ்தி, ஃபீஸ் கட்டறதுல கெடைக்கறது என்னன்னா அந்த முடியாதுன்னு சொல்ற உரிமைதான், நான் ஒரு தடவைகூட சொன்னதில்ல.

இப்படி கதவைத் தெறந்து வச்சா என்ன ஆகும்னு ஊருக்கே தெரியும். இந்த நகரத்துல வாடகை இருக்கற லட்சணத்துக்கு அங்கயே படுத்துத் தூங்கறவங்க வந்தாங்க, சில பேரால மத்தவங்க வரவே யோசிச்சாங்க, ஒரே ஒரு ரூலை வச்சுகிட்டு வெளிய போன்னு யாரு சொல்றது? 2014ல கொஞ்ச நாள் கதவைச் சாத்திட்டு ரீபூட்னு பேரு வச்சு மொத்தத்தையும் ஒழுங்கு பண்ணாங்க. நான் போயி ஸ்க்ரூ பிரிச்சேன். ஒரு வாரம் ஸ்க்ரூ மட்டும். எம்3 தனி, எம்4 தனி, இஞ்ச் அளவு தனி, எதுன்னே தெரியாதது தனி, கடைசில அந்தத் தெரியாத டப்பாதான் பெருசா இருந்துச்சு.

இதே ஊர்ல டெக்ஷாப்னு இன்னொரு பட்டறை இருந்துச்சு, அது கம்பெனி, 2006ல பக்கத்துல மென்லோ பார்க்ங்கற ஊர்ல ஆரம்பிச்சது. சிஎன்சி (கம்ப்யூட்டர் சொல்றபடி வெட்டற மெஷின்), வெல்டிங், லேசர்னு பெரிய மெஷின் எல்லாம், மாசச் சந்தா, ட்ரெய்னிங் கிளாஸ், பக்காவா இருக்கும். மெஷின்னு மட்டும் பாத்தா நாய்ஸ்பிரிட்ஜ் கிட்டக்கூட போக முடியாது. 2017 நவம்பர்ல அமெரிக்கால இருந்த அத்தனை கிளையையும் ஒரே நாள்ல மூடிட்டு திவால்னு சொல்லிட்டாங்க. பக்காவா இருந்தது போச்சு, ஸ்க்ரூ டப்பாவே கண்டுபிடிக்க முடியாத எங்க இடம் நிக்குது. எனக்குப் பட்ட காரணம், இங்க யாருக்கும் லாபம் காட்ட வேண்டியதில்ல, வாடகையும் கரண்ட் பில்லும் வந்தா போதும், சம்பளம்னு யாருக்கும் பைசா கெடையாது. அதுக்கு விலை என்னன்னா, லேசர் கட்டர் ரிப்பேர்னா அதைச் சரி பண்ணத் தெரிஞ்ச ஆளுக்கு நேரம் கெடைக்கற வரைக்கும் ரிப்பேர்தான். இல்லன்னா நீங்க கத்துக்கணும்.

2020ல 272 காப் தெருவுக்கு மாறிட்டாங்க, அதுவும் கொரோனா நேரத்துல. பத்து வருஷத்துக்கு மேல சேத்து வச்சதை மாஸ்க் போட்டுகிட்டு மூட்டை கட்டினோம், அதைப் பத்தி தனியா எழுதலாம், இடுப்பு வலி மட்டும் இன்னும் ஞாபகம் இருக்கு.

போறவங்களுக்கு ஒண்ணு ரெண்டு சொல்றேன். 16வது தெரு மிஷன் பார்ட் (BART, இந்த ஊர் மெட்ரோ ரயில்) ஸ்டேஷன்ல எறங்கினா நடக்கற தூரம்தான். சால்டரிங் தொட்டதே இல்லைன்னா சர்க்யூட் ஹேக்கிங் மண்டே நடக்குதான்னு பாத்துட்டுப் போங்க, மிட்ச் ரொம்ப வருஷம் நடத்தின கிளாஸ் அது, அங்கதான் நான் முதல்ல ஒழுங்கா ஈயம் வைக்கக் கத்துகிட்டேன், அதுவரைக்கும் நான் வச்சதெல்லாம் அப்பளத்துல கொப்புளம் மாதிரி இருக்கும். புராஜெக்ட் பாதில இருந்தா பேரு எழுதாம வச்சுட்டு வராதீங்க.

கிரைண்டர் இன்னும் ஓடுது. போன வருஷம் பெல்ட் மாத்தினேன், அதுவும் அங்க கொண்டு போயித்தான். பழைய பெல்ட்டை குப்பைல போடப் போனேன், பக்கத்து டேபிள்ல இருந்த பொண்ணு ரோபோவுக்கு ஆகும்னு வாங்கிட்டுப் போயிடுச்சு.