‘போட்டிக்கு டெக் தேர்ந்து தருகிறேன்’ என்பவரிடம் நான் ஏமாந்தது

மேஜிக் தி கேதரிங் என்ற சீட்டாட்டத்தின் பெரிய போட்டி ஒன்றுக்கு எந்த டெக்கோடு (ஆடுவதற்கென்று கோத்த சீட்டுக்கட்டோடு) போவது என்பதை இன்னொருவரிடம் கேட்டு, அவர் சொன்ன டெக்கை அவரிடமே விலைக்கும் வாங்கி, 2024 ஆகஸ்டில் 1,180 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்தேன். அதில் திரும்பி வந்தது பாதிகூட இல்லை. சிங்கப்பூரில் இதே வேலையை அவர் இன்னும் செய்துகொண்டிருப்பதால் இதை எழுதுகிறேன். அவர் பெயரைக் குறிப்பிடப் போவதில்லை. குறிப்பிட்டாலும் பயனிருக்காது, விற்பனைக் கணக்கின் பெயரை அவர் மாற்றிக்கொண்டே இருக்கிறார். செய்யும் முறை மட்டும் மாறுவதில்லை.

மாடர்ன் என்னும் பிரிவில் நான் மூன்று ஆண்டுகளாக ஒரே டெக்கைத்தான் ஆடிவந்தேன். பர்ன் என்று அழைக்கப்படும் அந்த டெக், லைட்னிங் போல்ட் போன்ற மலிவான சீட்டுகளை வைத்து எதிராளியின் உயிர்ப்புள்ளிகளை நேராகத் தாக்கி ஆட்டத்தைச் சீக்கிரம் முடித்துவிடும் எளிய வகை. குறைந்தது 60 சீட்டு, சைட்போர்டு (ஆட்டங்களுக்கிடையே மாற்றிக்கொள்ளும் உபரிச் சீட்டுகள்) 15, அடிப்படை லேண்டுகள் (மற்ற சீட்டுகளை ஆடச் சக்தி தருபவை) தவிர எதிலும் நான்குக்கு மேல் கூடாது என்ற வரம்புக்குள் யார் எதை எடுத்து வருவார்கள் என்று கணித்து, அதற்கேற்ப நாம் எடுத்துப் போவதுதான் பெரிய போட்டிக்கான தயாரிப்பில் பாதி வேலை. அந்தப் பாதியில் எனக்கு எப்போதும் தன்னம்பிக்கை கிடையாது. செப்டம்பர் போட்டிக்குப் பணம் கட்டிய பிறகு, “போட்டிக்கு ஏற்ற டெக்கைத் தேர்ந்து, முழுத் தொகுப்பாகத் தருகிறேன், பயிற்சியும் உண்டு” என்ற அவருடைய விளம்பரம் என் கண்ணில் பட்டது.

ஆகஸ்ட் 17, சனிக்கிழமை, ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் இருந்த கல்மேசையில் சந்தித்தோம். ஆலோசனைக்கு 120 வெள்ளி. வயதில் மூத்தவர், தமிழர், வாய் நிறையத் “தம்பி” என்று கூப்பிட்டார். என் பர்ன் டெக்கைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இதை வெச்சு நீ முதல் நாளே வீட்டுக்குப் போயிடுவே தம்பி” என்றார். பிறகு தம் பையிலிருந்து கறுப்பு உறையிட்ட ஒரு டெக்கை எடுத்து மேசை விரிப்பின்மேல் வைத்தார். அது ‘நாடு, விங்டு விஸ்டம்’ என்ற பறவைச் சீட்டை நடுவில் வைத்துக் கட்டப்பட்ட டெக். தமிழில் எழுதினால் நாடு என்றே வரும் அந்தப் பெயரை வைத்து, “நாடு கைவிடாது தம்பி” என்று அவர் சிலேடை சொன்னபோது சிரித்தவர்களில் நானும் ஒருவன். பக்கத்து மேசையில் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்த பெரியவர் இன்னொருவர்.

அவர் அன்று டெக்கைப் பற்றிச் சொன்னவற்றில் பொய் ஏதுமில்லை என்பதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். ஜூன் 14 அன்று வெளிவந்த மாடர்ன் ஹொரைசன்ஸ் 3 தொகுப்பைச் சேர்ந்த சீட்டு அது. களத்தில் இருக்கும் நம் உயிரினச் சீட்டு எதுவும் ஒரு மந்திரச் சீட்டுக்கோ, ஒரு சீட்டின் திறனுக்கோ இலக்காகும்போது டெக்கின் மேல் சீட்டைத் திறந்து பார்க்கலாம். அது லேண்டாக இருந்தால் நேராகக் களத்துக்கும் இல்லாவிட்டால் கைக்கும் வரும். ஒருவர் ஆடும் ஒவ்வொரு முறையிலும், ஒவ்வோர் உயிரினத்துக்கும் இரண்டு தடவை வரை இது நடக்கும். ஷூக்கோ என்ற பழைய கருவிச் சீட்டை ஓர் உயிரினத்துக்கு மாட்டச் செலவு சுழியம் என்பதால், களத்தில் ஐந்து உயிரினங்கள் நின்றால் செலவில்லாமலே பத்துச் சீட்டுகள் வந்து சேர்ந்துவிடும். ஜூன் இறுதியில் ஆம்ஸ்டர்டாமில் நடந்த புரோ டூர் என்ற உயர்மட்டப் போட்டியில் மற்ற எந்த டெக்கையும்விட அதிகமானோர் எடுத்து வந்ததும் இதுதான், அதை ஆடிய சைமன் நீல்சன் கோப்பையை வென்றதும் இதனால்தான். இவற்றையெல்லாம் அவர் கைப்பேசியில் காட்டினார்.

அவர் காட்டாதது ஒரே ஒரு தேதி. தடைப் பட்டியல் (போட்டிகளில் ஆடக்கூடாத சீட்டுகளின் பட்டியல்) குறித்த அடுத்த அறிவிப்பு ஆகஸ்ட் 26 அன்று வரும் என்று ஆட்டத்தை நடத்தும் விசார்ட்ஸ் நிறுவனம் முன்கூட்டியே தெரிவித்திருந்தது. அந்த அறிவிப்பில் ‘நாடு’ போய்விடும் என்று புரோ டூர் முடிந்த நாளிலிருந்தே ஆட்டக்காரர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். பர்ன் ஒன்றையே ஆடிக்கொண்டு, வேலை மும்முரத்தில் இரண்டு மாதம் செய்தி எதையும் படிக்காமல் இருந்தது என் குற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் “இதைத் தடை செய்வார்களா அண்ணே?” என்று நான் கேட்டேன். அவர் கொஞ்சமும் தயங்காமல், “போன தடவையே தொடலையே தம்பி, இந்த வருஷம் தொடமாட்டாங்க, தொட்டா காசைத் திருப்பித் தர்றேன்” என்றார். அந்த வாக்கை எழுதி வாங்க எனக்குத் தோன்றவில்லை. நம் மொழியில் சொன்னதை எழுதிக் கேட்பது அவமரியாதை என்று பட்டது; அதை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

டெக்கின் விலை 1,060 வெள்ளி. என் பர்ன் டெக்கை 260 வெள்ளிக்கு எடுத்துக்கொண்டு, மீதி 800 வெள்ளியையும் ஆலோசனைக் கட்டணத்தையும் பேநவ் என்ற கைப்பேசிப் பணப்பரிமாற்றம் வழியாக அங்கேயே வாங்கிக்கொண்டார். பயிற்சி என்று விளம்பரத்தில் இருந்தது நாற்பது நிமிடப் பேச்சாக முடிந்தது. இந்த டெக்கை ஆடத் தெரியாதவர் தம் ஒரு முறையையே பதினைந்து நிமிடம் இழுப்பார் என்பதையோ, 50 நிமிடச் சுற்றுக்குள் மூன்று ஆட்டங்களை முடிக்க முடியாமல் சமனாகி, வெற்றிக்குக் கிடைக்கும் மூன்று புள்ளிக்குப் பதில் ஒரே புள்ளியோடு எழ நேரிடும் என்பதையோ அவர் சொல்லவில்லை. அதை வீட்டில் நண்பரோடு ஆடிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

ஆகஸ்ட் 26 திங்கள் இரவு அறிவிப்பு வந்தது. மாடர்னில் ‘நாடு’ தடை. சீட்டின் வாசகம் கடைசி நேரத்தில் மாற்றப்பட்டதாகவும், மாற்றிய வடிவத்தை யாரும் ஆடிப் பார்க்காமலேயே அது அச்சுக்குப் போனதாகவும் வடிவமைப்பாளரே அன்றைக்கு எழுதியிருந்தார். வாங்கி ஒன்பது நாள். டெக் ஒரு போட்டிமேசையைக்கூடப் பார்க்கவில்லை. அவரை அழைத்தேன், எடுக்கவில்லை. மறுநாள் மதியம் ஒரே ஒரு செய்தி வந்தது: “சந்தைன்னா ஏறும் இறங்கும் தம்பி, லேண்டுக்கெல்லாம் விலை இருக்கு, வித்துக்கோ.”

தடையால் நட்டப்படுவது இந்த ஆட்டத்தில் எல்லோருக்கும் நேர்வதுதான். என் டெக்கை நானே தேர்ந்து வாங்கியிருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டேன். ஆனால் அவர் ஆலோசனைக்கென்று தனியாகக் காசு வாங்கியவர். அதே வாரத்தில் இன்னும் இருவருக்கு அதே டெக்கை அதே பேச்சோடு விற்றிருக்கிறார் என்பதை, அந்த இருவரையும் பின்னர் சந்தித்தபோது அறிந்தேன். கையிருப்பை 26ஆம் தேதிக்குள் காலி செய்ய வேண்டியிருந்த ஒருவர், எனக்கு எது பொருந்தும் என்று ஆராய்ந்து பார்த்ததுபோல் நடித்திருக்கிறார்.

அவர் சொன்னபடியே லேண்டுகளையும் என்ட்யூரன்ஸ் முதலிய மற்ற சீட்டுகளையும் விற்க ஒரு கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் ஒவ்வொன்றாக உறையிலிருந்து எடுத்து அடுக்கிக்கொண்டே வந்தவர், மிஸ்டி ரெயின்ஃபாரஸ்ட் என்ற லேண்டுச் சீட்டுகள் நான்கையும் தனியே ஒதுக்கினார். நகைக்கடையில் மூக்குத்திக் கல்லைப் பார்க்கப் பயன்படுத்தும் லூப் ஒன்றை மேசையிலிருந்து எடுத்து, சீட்டின் பின்பக்கத்தில் உள்ள ஐந்து நிறப் புள்ளிகளில் பச்சைப் புள்ளியின்மேல் வைத்து, என்னைப் பார்க்கச் சொன்னார். முதல் சீட்டில் பச்சைக்குள் நான்கு சின்னஞ்சிறு சிவப்புப் புள்ளிகள் வளைந்து நின்றன. ஆங்கில எல் வடிவம் என்பார்கள், எனக்கு நம் ‘ட’ போலத் தெரிந்தது. அடுத்த மூன்றில் அந்த ‘ட’ இல்லை, கலங்கலான புள்ளிக் குப்பை மட்டும். பெயர் எழுத்துகளின் கறுப்பும் அப்படியே: அசலில் கெட்டியாக ஒரே மையாய் இருந்தது, மற்றவற்றில் பல நிறப் புள்ளிகள் கூடிக் கறுப்பாகத் தோற்றம் காட்டியது.

நான்குமே 2009இன் செண்டிகார் பதிப்பு. பழைய பதிப்பு என்று பெருமையாகச் சொல்லி, டெக்கை விற்றவர் ஒன்றுக்கு முப்பது வெள்ளி வைத்திருந்தார். அரிய சீட்டுகளின் அடியில் பளபளக்கும் நீள்வட்ட முத்திரை 2014இல் வந்த மேஜிக் 2015 தொகுப்போடுதான் தொடங்கியது என்பதையும், அதற்கு முந்தைய பதிப்பைப் போலியாக்குபவனுக்கு அந்த முத்திரைத் தொல்லையே இல்லை என்பதையும் கடைக்காரர் விளக்கினார். விற்றவர் ஓர் அசலை மேலே வைத்து, மூன்று போலிகளைக் கீழே அடுக்கியிருக்கிறார். இவற்றோடு போட்டியில் உட்கார்ந்து டெக் சோதனையில் மாட்டியிருந்தால், தெரியாமல் செய்தது என்று நடுவரை நம்ப வைப்பது என் பாடாகியிருக்கும். தெரிந்தே என்று அவர் முடிவுக்கு வந்திருந்தால் போட்டியிலிருந்தே வெளியேற்றம்தான்.

லூப் வழியே எடுத்த படங்களை விற்றவருக்கு அனுப்பி, சிறு தொகை வழக்குகளுக்கான நடுவர் மன்றத்துக்குப் போவேன் என்று எழுதினேன். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை இரண்டு ஆண்டுக்குள் அங்கே கொண்டுபோகலாம், வழக்கறிஞர் தேவையில்லை. ஒரு மணி நேரத்துக்குள் 90 வெள்ளி வந்து விழுந்தது, மூன்று போலிகளின் விலை மட்டும். தடை வந்தால் திருப்பித் தருவதாகச் சொன்ன தொகைக்கு என்னிடம் எழுத்தே இல்லாததால் அதை அத்தோடு விட்டேன். மற்ற சீட்டுகளை விற்று 370 வெள்ளி கிடைத்தது. பர்ன் டெக்கை அவர் அதற்குள் வேறு யாருக்கோ விற்றிருந்தார். நண்பரிடம் கடன் வாங்கிய டெக்கோடு செப்டம்பரில் ஆடி, எட்டுச் சுற்றில் மூன்றில் வென்றேன்.

இப்படி யாரையாவது அணுக நினைப்பவர்கள், பையில் இருக்கும் டெக்கை அவர் வெளியே எடுக்கும் முன், அடுத்த தடை அறிவிப்பு எந்தத் தேதியில் என்று கேளுங்கள். தேதியைச் சொல்லத் தெரியாதவரிடமும், சொல்லாமல் மழுப்புபவரிடமும் ஆலோசனைக் காசு கொடுக்க வேண்டாம். ஆலோசனை சொல்பவரிடம் சீட்டு வாங்காதீர்கள். வாங்கியே ஆக வேண்டுமென்றால், ஒவ்வொரு சீட்டையும் உறையிலிருந்து எடுத்து, எல்லா நகல்களையும், மேலே இருப்பதை மட்டுமல்ல, லூப் வைத்துப் பாருங்கள். சில வெள்ளிக்குக் கிடைக்கிறது. புழங்கிப் பழகிய டெக்கை மட்டும் கைமாற்றிவிடாதீர்கள். எனக்கு இன்னும் உறுத்துவது அந்த 260 வெள்ளிதான்.

டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு நண்பர் எனக்கு ஒரு விளம்பரத்தை அனுப்பி, வாங்கலாமா என்று கேட்டார். கணக்கின் பெயர் புதிது. மேசை விரிப்பும் கறுப்பு உறைகளும் அவையே. ‘தி ஒன் ரிங்’ என்ற சீட்டு நான்கு கொண்ட மாடர்ன் டெக், போட்டிக்கேற்பத் தேர்ந்தது, பயிற்சியோடு. அடுத்த அறிவிப்பு டிசம்பர் 16 என்பதைச் சொல்லித் தடுத்துவிட்டேன். 16ஆம் தேதி ‘தி ஒன் ரிங்’ தடையானது. அன்றிரவு அந்த விளம்பரத்தைத் திறந்து பார்த்தேன். விற்றாகிவிட்டது என்று போட்டிருந்தது.