நர்ச்சர் குரூப்: டோஸ்ட் மேசையும் 68 வாக்கியங்களும்

லண்டனின் ஹாக்னி பகுதியில் 1969-ல் கல்வி உளவியலாளர் மார்ஜரி பாக்ஸால் தொடங்கிவைத்த ஏற்பாடு நர்ச்சர் குரூப், அதாவது பேணி வளர்க்கும் குழு. வகுப்பில் ஒட்ட முடியாமல் தவிக்கும் சிறு பிள்ளைகளைச் சிறப்புப் பள்ளிக்கு அனுப்பாமல், அதே பள்ளிக்குள் ஒரு சின்ன அறையில் வைத்துத் தேற்றுவதுதான் நோக்கம். பிரிட்டனில் இன்றும் நடக்கிறது. ஓர் ஆசிரியர், ஓர் உதவியாளர், 6 முதல் 12 பிள்ளைகள். அறையில் சோபா, சமையல் மூலை, படிக்கும் மேசை.

இதன் உயிர்நாடி காலை டோஸ்ட்தான். பசியாற்றுவதோடு அதன் வேலை முடிந்துவிடுவதில்லை. வெண்ணெய் கைமாறி வரும்வரை காத்திருக்க வேண்டும், ஜாம் வேண்டுமென்றால் கேட்க வேண்டும், கடைசித் துண்டு இன்னொருவருக்குப் போனால் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு நாளும் அதே மேசை, அதே வரிசை. அடுத்து என்ன நடக்கும் என்பது தெரிந்துவிட்டால் பயந்த பிள்ளைக்குப் பாதிப் பதற்றம் குறைந்துவிடும். இரண்டு பெரியவர்கள் ஏன்? ஒருவர் கருத்தை மற்றவர் மறுப்பதையும், மன்னிப்புக் கேட்பதையும், பிறகு சேர்ந்து சிரிப்பதையும் சில பிள்ளைகள் முதன்முதலாகப் பார்ப்பது இந்த அறையில்தான். பள்ளிகள் தவறுவதும் இந்த இரண்டு பெரியவர் விஷயத்தில்தான். வேறு வகுப்பில் ஆள் இல்லையென்றால் முதலில் கழற்றிக்கொண்டு போவது இந்த உதவியாளரைத்தான். வாரத்தில் இரண்டு நாள் அப்படிப் போனால் அறை வெறும் காவல் அறையாகிவிடும்.

யாரைச் சேர்ப்பது என்பதற்குப் பாக்ஸால் ப்ரொஃபைல் என்ற மதிப்பீட்டுப் படிவம் இருக்கிறது. 34 வீதம் இரு பகுதிகள், மொத்தம் 68 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். முதல் பகுதி பிள்ளைக்குக் கைவந்ததைக் காட்டும், இரண்டாவது அதைத் தடுப்பதைக் காட்டும். மதிப்பெண்களைப் பட்டை வரைபடமாகப் பார்த்தால், முதலாவதில் உயரமான பட்டை நல்லது, இரண்டாவதில் அதுவே கவலைக்குரியது. பழகாத கண்ணுக்கு இது குழப்பம்தான். தினமும் பிள்ளையோடு இருப்பவர்களே நிரப்ப வேண்டும், முடிந்தால் இருவர் பேசிக்கொண்டே. புதிதாகச் சேர்ந்த பிள்ளைக்கு முதல் வாரத்திலேயே நிரப்பினால் அந்தக் கூச்சத்துக்குத்தான் மதிப்பெண் விழும். நிரப்பியபின் கோப்பில் உறங்கவிடுவதும் வீண்தான். காத்திருப்பதில் மதிப்பெண் குறைவா, டோஸ்ட் மேசையில் அதையே இந்தப் பருவத்தின் இலக்காக வையுங்கள். அடுத்த பருவத்தில் மறுபடி நிரப்பிப் பாருங்கள்.

இன்னொரு பெரிய பிழை, முரட்டுப் பிள்ளைகளை மட்டும் கொண்டுவந்து அறையை நிரப்புவது. வாயே திறக்காமல் ஒடுங்கிக் கிடக்கும் பிள்ளையும் வேண்டும். இல்லையென்றால் ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்பது சண்டை மட்டும்தான், "சேட்டைக்காரர் அறை" என்ற பெயரும் ஒட்டிக்கொள்ளும். கண்டுகொள்ளப்படாமல் போவது அந்த அமைதியான பிள்ளைதான் என்பது வேறு கதை.

பிள்ளையின் பெயர் சொந்த வகுப்பு வருகைப்பதிவிலேயே இருக்க வேண்டும், நாளில் ஒரு பகுதியையாவது அங்கே கழிக்க வேண்டும். வழக்கமாக 2 முதல் 4 பருவங்களில் முழுதாகத் திரும்பிவிடலாம். ஆனால் ஒரே திங்கட்கிழமை அனுப்பிவிடுவது சரிப்படாது. முதலில் பிள்ளைக்குப் பிடித்த ஒரு பாடம், பிறகு ஒரு மதியம், அதன்பின் முழு நாள்.

அறை கட்ட வசதியில்லாத பள்ளிக்கும் அந்த 68 வாக்கியங்கள் பயன்படும், வகுப்பாசிரியர் பார்வையைக் கூர்மையாக்கும். அறையையே தொடங்குவதானால், உதவியாளரை வேறெங்கும் அனுப்ப மாட்டோம் என்று தலைமையாசிரியரிடம் எழுத்தில் வாங்குங்கள். தர மறுத்தால் சோபாவுக்குச் செலவழிக்க வேண்டாம். உங்கள் பிள்ளைக்கு இடம் தருகிறார்கள் என்றால் கேட்க வேண்டியவை மூன்று: அந்த இருவர் யார், சொந்த வகுப்பில் நாளுக்கு எத்தனை மணி நேரம், திரும்பும் திட்டம் எந்தப் பருவத்தில் தொடங்கும்.