சிட்லிங்கி டிரைபல் ஆஸ்பத்திரி எப்படி? போய் வந்தவரின் கருத்து

ஏசி ரூம், கண்ணாடிக் கட்டடம் என்று தேடுபவர்களுக்கு இந்த இடம் ஒத்துவராது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தருமபுரி மாவட்டம் அரூரிலிருந்து கோட்டப்பட்டி வழியாகப் போகவேண்டும், சுற்றிலும் மலை, பஸ்ஸை நம்பிப் போனால் பாதி நாள் அதிலேயே போய்விடும். ஆனாலும் எங்கள் அத்தையின் சர்க்கரைக்கு நாங்கள் அங்கேதான் போகிறோம்.

காரணம் அங்கே இருக்கும் பெண்கள். நர்ஸ், லேப், கிராமம் கிராமமாகப் போகும் சுகாதாரப் பணியாளர் என்று பெரும்பாலும் அந்தப் பள்ளத்தாக்கிலேயே பிறந்து அங்கேயே பயிற்சி பெற்றவர்கள். முன்பு டவுனில் ஒரு டாக்டர் அத்தையிடம் "டயட் ஃபாலோ பண்ணுங்க" என்று சொல்லி ஒரு அச்சடித்த தாளைக் கொடுத்தார், அதில் ஓட்ஸும் ஆப்பிளும் இருந்தன. இங்கே அந்தப் பொண்ணு கேட்ட முதல் கேள்வி, "களி ஒரு வேளைக்கு எத்தனை உருண்டை சாப்பிடுறீங்க அம்மா?" என்பதுதான். ராகிதானே, சர்க்கரைக்கு நல்லதுதானே என்று அத்தை வயிறு நிறையச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உருண்டையைக் குறைத்து, கூடவே கீரையும் பருப்பும் நிறைய எடுக்கச் சொன்னார்கள், அதை அத்தை இன்றுவரை மீறவில்லை, எங்கள் வீட்டில் இது பெரிய அதிசயம்.

இதன் கதை தெரியாதவர்களுக்கு: டாக்டர் ரெஜி ஜார்ஜும் அவர் மனைவி டாக்டர் லலிதாவும் 1993-ல் இங்கே வந்தபோது, பிறக்கும் 1000 குழந்தைகளில் 147 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்துகொண்டிருந்தன. அறுவை சிகிச்சை என்றால் 100 கிலோமீட்டருக்கு மேல் போகவேண்டும். ஊர்மக்கள் கட்டிக்கொடுத்த குடிசையில் ஒரு மர பெஞ்சும் 100 வாட் பல்பும் வைத்துக்கொண்டு பிரசவம் பார்த்திருக்கிறார்கள். இப்போது ஆபரேஷன் தியேட்டரோடு 35 படுக்கை, குழந்தை இறப்பும் 20 அளவுக்கு இறங்கிவிட்டது. மலையாளிப் பழங்குடியினரும் (கேரளத்தவர் அல்ல, இந்த மலைகளில் வாழ்பவர்கள்) லம்பாடி சமூகத்தினரும்தான் இதை அதிகம் நம்பியிருக்கிறார்கள்.

பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பீர்கள். நோயாளிகளிடம் வாங்கும் கட்டணம் குறைவு, நன்கொடையும் சேர்த்துத்தான் ஓடுகிறது. நம் மாவட்டத்துக்கு நன்கொடைப் பணம் வராமல் இல்லை, ஒருநாள் முகாம், பேனர், போட்டோ, கையில் ஒரு டானிக் பாட்டில், அத்தோடு சரி என்று போனவையும் நிறைய. இங்கே அந்தப் பணம் உள்ளூர்ப் பெண்களுக்குத் தொழில் கற்றுக்கொடுக்கப் போயிருக்கிறது, கர்ப்பிணியைத் தேடி வீட்டுக்கே போய்ப் பார்க்கப் போயிருக்கிறது, இயற்கை விவசாயம், லம்பாடிப் பெண்களின் தையல் வேலை வரைக்கும் நீண்டிருக்கிறது. (சாப்பாடும் வருமானமும் சரியில்லாமல் மருந்து மட்டும் என்ன செய்யும்?) இதில் எனக்கு இருக்கும் ஒரே கவலை, இவ்வளவு பெரிய வேலை நன்கொடையை நம்பியே எத்தனை காலம் நிற்கும் என்பது. அரசு செய்யவேண்டியதை இவர்கள் செய்கிறார்கள்.

இருதய ஆபரேஷன் மாதிரிப் பெரிய விஷயங்களுக்கு இங்கே வராதீர்கள், அதற்குச் சேலம்தான். பிரசவம், காய்ச்சல், பிரஷர், சர்க்கரை, குழந்தைகளுக்கு என்றால் தாராளமாகப் போகலாம். காலையில் சீக்கிரம் கிளம்புங்கள், பழைய சீட்டு, மாத்திரை அட்டை எல்லாம் கையோடு இருக்கட்டும், அப்புறம் திரும்பி வரும் பஸ் நேரத்தை இறங்கும்போதே கண்டக்டரிடம் கேட்டுவிடுங்கள்.