செர்ட்ராலின் 50 மி.கி. (மனச்சோர்வு, பதற்றத்துக்கான மாத்திரை): எட்டு மாத அனுபவம்

முதல் வாரம் முழுக்கக் குமட்டல், தூக்கமும் கெட்டது, பலன் மட்டும் பூஜ்யம். நாலாவது வாரத்தில்தான் மனசு கொஞ்சம் லேசானது. சாப்பிட்ட பிறகு போட்டால் குமட்டல் குறைகிறது. நடுவில், நன்றாகத்தானே இருக்கிறோம் என்று நானாகவே நிறுத்தினேன், சரியான முட்டாள்தனம்: மூன்றே நாளில் தலைசுற்றல், எரிச்சல், மண்டைக்குள் ஷாக் அடித்த மாதிரி. நிறுத்துவதென்றால் டாக்டரைக் கேட்டு, அளவைப் படிப்படியாகக் குறைத்துத்தான்.

அப்புறம், தலைவலிக்கு ஐபுப்ரோஃபென் சேர்த்துப் போட்டால் ரத்தக்கசிவு அபாயம் கூடும். டிரமடால் என்ற வலி மருந்து சேர்ந்தால், மூளையில் இருக்கும் செரோடோனின் என்ற ரசாயனம் எல்லை மீறிப்போய் உயிருக்கே ஆபத்தாகலாம். 25 வயதுக்குட்பட்டவர்களுக்கு ஆரம்ப வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடக்கூடும், அப்படித் தோன்றினால் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். மதுவா? நான் தொடுவதில்லை. ஐந்துக்கு நாலு நட்சத்திரம், அந்த முதல் வாரத்துக்காக ஒன்று குறைத்தேன்.