பழைய காரின் ஹீட்டர்: குன்னூரில் ஓட்டிப் பார்த்த அனுபவம்

2000-களின் தொடக்கத்தில் வந்த ஒரு சின்ன பெட்ரோல் ஹாட்ச்பேக்கை கோவையில் செகண்ட் ஹேண்டாக வாங்கி, பல வருடமாகக் குன்னூரில் வைத்து ஓட்டுகிறேன். கம்பெனி பெயர் இங்கே முக்கியமில்லை. அந்தக் காலத்துச் சின்னக் கார்கள் பலவற்றிலும் ஹீட்டர், ஏசி அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். டேஷ்போர்டின் நடுவில் ப்ளோயர் ஸ்விட்ச், நீலத்திலிருந்து சிவப்புக்குப் போகும் ஒரு லீவர், காற்று முகத்துக்கா காலுக்கா கண்ணாடிக்கா என்று திருப்ப இன்னொன்று, வெளிக்காற்றா உள்காற்றா என்று மாற்ற ஒரு சின்னத் தள்ளு லீவர். எல்லாம் கம்பி இழுத்து நடக்கும் வேலை. சென்சாரும் கிடையாது, கம்ப்யூட்டரும் கிடையாது.

சமவெளியில் இருப்பவர்கள் அந்தச் சிவப்புப் பக்கத்தைத் தொட்டே இருக்க மாட்டார்கள். இங்கே அப்படி இல்லை. டிசம்பர், ஜனவரியில் ஊட்டி பக்கம் தலைகுந்தாவில் புல்வெளியே உறைபனியில் வெள்ளையாகக் கிடக்கும் காலை நேரத்தில், ஹீட்டர் இல்லாத காரை ஓட்டிப் பார்த்தால்தான் அதன் அருமை தெரியும். குளிரை ஸ்வெட்டர் போட்டுச் சமாளித்துவிடலாம். கண்ணாடியில் ஆவி படிந்து மூடிக்கொண்டால் என்ன செய்வது?

கார் கைக்கு வந்தபோது சிவப்பு முழுக்கத் தள்ளினாலும் வெதுவெதுப்பாகத்தான் காற்று வந்தது. காரணம் டேஷ்போர்டுக்குள் இல்லை, எஞ்சினில் இருந்தது. ஹீட்டருக்கென்று தனி அடுப்பு எதுவும் கிடையாது. எஞ்சினைக் குளிர்விக்கச் சுற்றும் கூலன்ட்டில் ஒரு பங்கு இரண்டு ஓஸ் வழியாக டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டருக்கு வரும், அதன் வழியாக ப்ளோயர் காற்றைத் தள்ளும், அவ்வளவுதான். எஞ்சின் சூடேறாவிட்டால் ஹீட்டரும் சூடேறாது. என் காரில் நெடுஞ்சாலையில் போகும்போது டெம்பரேச்சர் முள் கீழேயே படுத்துக் கிடக்கும், டிராஃபிக்கில் நின்றால் மட்டும் மெல்ல ஏறும். இது கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் வால்வு திறந்தபடியே மாட்டிக்கொண்டதற்கு, அல்லது தெர்மோஸ்டாட்டே இல்லை என்பதற்கு அடையாளம். கழற்றிப் பார்த்தால் உள்ளே இருக்க வேண்டியது இல்லவே இல்லை.

நம் ஊரில் இது ஒரு பழைய பழக்கம். வெயில் காலத்தில் எஞ்சின் சூடாகிறது என்று போனால் முதலில் தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள். அப்போதைக்குப் பிரச்சினை தீர்ந்த மாதிரி இருக்கும். ஆனால் 80 டிகிரிக்கு மேல் வரும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. அது இல்லாத எஞ்சின் எப்போதும் அரைச் சூட்டில் ஓடும், பெட்ரோல் அதிகம் குடிக்கும், சீக்கிரம் தேயும், ஹீட்டரும் வேலை செய்யாது. புதுத் தெர்மோஸ்டாட்டும் கேஸ்கெட்டும் சில நூறு ரூபாய்தான். போட்ட பிறகு முள் நடுவுக்கு வந்து நின்றது, காற்றும் சூடானது.

ஆனால் பாதிச் சூடுதான். இதற்கு எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, ஃபேனிலும் பெல்ட்டிலும் கை படாமல் பார்த்துக்கொண்டு, உள்ளே போகும் இரண்டு ஹீட்டர் ஓஸையும் தொட்டுப் பார்க்க வேண்டும். இரண்டும் கொதித்தால் தண்ணீர் சரியாக ஓடுகிறது, கோளாறு டேஷ்போர்டுக்குள் காற்றின் வழியை மாற்றும் சின்னக் கதவிலோ, லீவரிலிருந்து அதற்குப் போகும் கேபிளிலோ. ஒன்று சூடாகவும் இன்னொன்று ஆறியும் இருந்தால் உள்ளே அடைப்பு. இரண்டுமே சூடில்லை என்றால் கூலன்ட் குறைவு, இல்லை குழாயில் காற்று சிக்கிய ஏர் லாக். சில கார்களில் ஓஸிலேயே ஒரு வால்வு இருக்கும், சிவப்புப் பக்கம் தள்ளினால்தான் அது திறக்கும். என் காரில் அந்த வால்வு கிடையாது, சுடுதண்ணீர் எப்போதும் ஓடும். லீவர் ஒரு கதவை மட்டும்தான் ஆட்டும். எனக்கு ஒரு ஓஸ் ஆறியிருந்தது. முன்பு ஓட்டியவர்கள் கூலன்ட் ஊற்றாமல் குழாய்த் தண்ணீரே ஊற்றியிருக்கிறார்கள், துருவும் உப்பும் சேர்ந்து அந்தக் குட்டி ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைத்திருந்தது. இரண்டு ஓஸையும் கழற்றி, தோட்டத்து ஓஸால் அழுத்தம் அதிகம் வைக்காமல் எதிர்ப்பக்கத்திலிருந்து தண்ணீர் விட்டதில் டீ டிக்காஷன் நிறத்தில் வந்தது. தெளிவாகும் வரை விட்டுவிட்டு, கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் கலந்து நிரப்பினோம். நிரப்பும்போது ஹீட்டரைச் சிவப்பில் வைத்து, காரின் மூக்கை மேட்டுப் பக்கம் நிறுத்தினால் உள்ளே சிக்கிய காற்று எளிதாக வெளியே வரும். குன்னூரில் மேட்டுக்குப் பஞ்சமா?

ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். மலையில் அந்த மூடிக்கு இன்னொரு முக்கியத்துவம் உண்டு. ஊட்டி உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடியின் ஸ்ப்ரிங்கும் ரப்பரும் அழுத்தத்தைப் பிடித்து வைத்தால்தான் கூலன்ட் கொதிக்காமல் தாங்கும். பழைய காரில் மூடியையும் சேர்த்து மாற்றிவிடுவது நல்லது.

அடுத்து லீவர்கள். பழைய காரில் அதிகம் கெடுவது இவைதான், அதிகம் ஏமாற்றுவதும் இவைதான். லீவர் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனால் சந்தோஷப்படாதீர்கள், மறுமுனையில் கேபிள் கழன்றிருக்கிறது. பாதி தூரம் போய் முட்டிக்கொண்டு நின்றால் கேபிள் துருப்பிடித்திருக்கும், அல்லது பேனா, சில்லறை ஏதாவது கண்ணாடிக்குக் காற்று வரும் டிஃப்ராஸ்ட் ஓட்டை வழியாக விழுந்து கதவில் மாட்டியிருக்கும். பலம் கொடுத்துத் தள்ளினால் கதவை ஆட்டும் பிளாஸ்டிக் கை உடையும். உடைந்தால் அந்த வயதுக் காருக்குப் புதுசு கிடைக்காது, பழைய ஸ்பேர் கடைகளில் தேட வேண்டியதுதான்.

என் காரில் கேபிளின் மேலுறையைப் பிடிக்கும் கிளிப் தளர்ந்திருந்தது. லீவரைத் தள்ளினால் உள்கம்பிக்குப் பதில் மேலுறையே நகரும், கதவு பாதிதான் திரும்பும். டேஷ்போர்டுக்குக் கீழே மல்லாந்து படுத்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பார்த்தால் தெரியும் இடம்தான். லீவரை முழு நீலத்தில் வைத்து, ஹீட்டர் பெட்டியின் பக்கமிருக்கும் பிளாஸ்டிக் கையையும் விரலால் முழுக்க நீலப் பக்கம் தள்ளி, அந்த நிலையிலேயே மேலுறையைக் கிளிப்பில் அழுத்த வேண்டும். கொஞ்சம் சிலிக்கான் ஸ்ப்ரே போதும். கிரீஸ் அப்பினால் தூசி சேர்ந்து இன்னும் இறுகும்.

இந்தச் சின்ன வேலை ஏசியையும் சரிசெய்தது என்பதுதான் எனக்குப் பெரிய பாடம். மேட்டுப்பாளையம் இறங்கினாலே ஏசி போதவில்லை என்று முன்பு கேஸ் நிரப்பியிருந்தார்கள். கேஸில் குறையே இல்லை. ஏசியும் ஹீட்டரும் ஒரே பெட்டி. குளிர்ந்த காற்று வரும் வழியிலேயே அந்தச் சுடுதண்ணீர் ரேடியேட்டரும் உட்கார்ந்திருக்கிறது. கதவு முழுதாக மூடாவிட்டால் குளிர்ந்த காற்றில் கொஞ்சம் அங்கே போய்ச் சூடாகித் திரும்பும். கேஸ் நிரப்பக் காசு கொடுக்கும் முன் நீல முனையில் அந்தக் கதவு நிஜமாகவே மூடுகிறதா என்று பாருங்கள். ஏசி வென்ட்டிலிருந்து கறுப்பு ஸ்பாஞ்ச் துகள் பறந்து வந்தால் கதவின் ஓரத்து ஃபோம் உதிர்கிறது என்று அர்த்தம். அதற்குப் பெட்டியையே இறக்க வேண்டும். நான் செய்யவில்லை, துகளோடு வாழப் பழகிவிட்டேன்.

ப்ளோயர் ஒரு நாள் 1, 2, 3-ல் செத்து 4-ல் மட்டும் ஓடியது. இது ரெசிஸ்டர், சந்தேகமே வேண்டாம். குறைந்த வேகங்களுக்கு மின்சாரம் அதன் வழியாகப் போகும், 4-க்கு நேராகப் போகும். சில எலக்ட்ரீஷியன்கள் வயரை டைரக்டாகக் கொடுத்து ‘ஒரு ஸ்பீடு போதும் சார்’ என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். ரெசிஸ்டர் இரண்டு ஸ்க்ரூவில் கையோடு வரும். ஆனால் அது ஏன் எரிந்தது என்று பார்க்காமல் புதுசு போட்டால் திரும்பவும் எரியும். என்னுடையதில் மோட்டார் இறுகிப்போய் கரன்ட்டை அதிகமாக இழுத்திருந்தது. கனெக்டரும் பழுப்பேறி உருகியிருந்தது. மோட்டாரை இறக்கினால் உள்ளே ஒரு கூடை சில்வர் ஓக் சருகு, எலி கொண்டுவந்து வைத்த பஞ்சு! வைப்பருக்குக் கீழே இருக்கும் கிரில் வழியாகத்தான் சருகு போகிறது. மரத்தடியில் நிறுத்துபவர்கள் அங்கே நுண்ணிய கம்பி வலை ஒட்டலாம். எந்த வேகத்திலும் ஓடாவிட்டால் முதலில் ஃப்யூஸ். அப்புறம் மோட்டாரை மெல்லத் தட்டுங்கள், தட்டியதும் ஓடினால் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது.

மழையில் பர்லியாறு தாண்டி ஏறும்போது கண்ணாடி மூடுவதுதான் இங்கே நிஜமான ஆபத்து. நாலு பேர் மூச்சு, நனைந்த குடை, உள்காற்று லீவர் - போதும், சில நிமிஷத்தில் எதிரே வரும் பஸ்ஸே தெரியாது. லீவரை வெளிக்காற்றுக்கு மாற்றுங்கள், காற்றைக் கண்ணாடிக்குத் திருப்புங்கள், ஏசியைப் போட்டு ஹீட்டரையும் சிவப்பில் வையுங்கள். இரண்டையும் சேர்த்துப் போடுவது வீண் என்று பலர் நினைக்கிறார்கள். ஏசி காற்றின் ஈரத்தை உறிஞ்சும், ஹீட்டர் கண்ணாடியைச் சூடாக்கும். தனித்தனியே போட்டால் இவ்வளவு சீக்கிரம் தெளியாது. கீழே இறங்கியதும் கதை மாறும். மேட்டுப்பாளையத்தின் புழுக்கத்தில் ஏசி குளிரைக் கண்ணாடியில் அடித்தால் வெளிப்பக்கம் மூடும், அதற்கு வைப்பரே போதும்.

துடைக்கத் துடைக்கக் கண்ணாடியின் உள்பக்கம் எண்ணெய்ப் பிசுக்காகப் படிந்து, இனிப்பான வாடையும் வந்தால் அது ஈரம் இல்லை, ஹீட்டர் ரேடியேட்டர் கசிகிறது. கால் மிதியடியில் நிறமில்லாத, வாடையில்லாத தண்ணீர் என்றால் பெரும்பாலும் ஏசி தண்ணீர் வெளியேறும் குழாய் அடைப்பு, குத்திவிட்டால் சரியாகிவிடும். கசிவு என்றால் இரண்டு ஓஸையும் ஒன்றோடொன்று இணைத்து ஹீட்டரையே ஒதுக்கிவிடச் சொல்வார்கள். வழியில் மாட்டிக்கொண்டால் வீடு வந்து சேர அது உதவும். அதையே நிரந்தரமாக வைக்க எனக்கு மனமில்லை. ஏற்றத்தில் முள் சிவப்பைத் தொடப் போகும்போது ஹீட்டரை முழுக்கத் திறந்து ப்ளோயரை 4-ல் வைத்தால் எஞ்சினின் சூட்டில் ஒரு பங்கு காருக்குள் வந்துவிடும். வேர்த்துக்கொட்டும், ஆனால் ஓரம் கட்டி நிறுத்த ஒரு நல்ல இடம் வரும் வரை தாங்கும்.

இப்போதைக்கு எல்லா வேகமும் ஓடுகிறது, சிவப்பில் சூடு, நீலத்தில் குளிர். லீவர்களுக்குப் பின்னால் இருக்கும் பல்பு மட்டும் எரியவில்லை. அந்த ஒரு பல்புக்காக ஆடியோவைக் கழற்ற வேண்டுமாம், இருட்டில் தடவியே பழகிவிட்டது.